உடைந்த ஓடுகளை அள்ளிக் கொட்டாதீர்கள்: கஜாவில் கூரை போனதும் காப்பீட்டுப் பணத்துக்கு அலைந்ததும்

2018 நவம்பர் 15 இரவு கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடக்கும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊர் பட்டுக்கோட்டையிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் கண்ணுக்கே தெரியாது. மழை பெய்யும், கரண்டு போகும், அதற்கு மேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம். கணவர் சிங்கப்பூரில். வீட்டில் நான், அத்தை, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்று பேர்தான். முன்பக்கம் மாமா அந்தக் காலத்தில் பனங்கை (பனைமரச் சட்டம்) போட்டுக் கட்டிய மங்களூர் ஓட்டு வீடு. பின்பக்கம் 2014-ல் வங்கியில் ஆறு லட்சம் கடன் வாங்கி நாங்கள் சேர்த்துக் கட்டிய இரண்டு கான்கிரீட் அறைகள்.

நள்ளிரவுக்கு மேல் வடக்கிலிருந்து அடித்த காற்று, விடியலுக்கு முன் கொஞ்ச நேரம் நின்றது போல இருந்தது. முடிந்தது என்று நினைத்து, அத்தை முற்றத்துத் தண்ணீரை வாரியலால் தள்ளப் போனார். அப்போதுதான் தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. ஓடுகள் ஒன்றொன்றாகப் போகவில்லை. தாழ்வாரத்து விளிம்பில் ஒரு வரிசை எழும்பியது, அடுத்த நொடி அதற்கு மேல் வரிசை, அதற்கும் மேல் வரிசை. அத்தையை இழுத்துக்கொண்டு பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய கையோடு கொல்லைத் தென்னை ஒன்று முகட்டின் மேல் விழுந்த சத்தம் கேட்டது. மகள் என் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அதிராம்பட்டினத்தில் மணிக்கு 165 கிலோமீட்டர் வரை காற்று வீசியது என்று பிறகு தெரிந்துகொண்டோம். விடிந்து கதவைத் திறந்தால், கூடத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்க முடிந்தது. முகட்டைத் தாங்கும் மோட்டுவளை இரண்டாக முறிந்து கிடந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. மாமா படத்தின் மேல் கிடந்த ஓட்டுத் தூளை மட்டும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாட்களில் நான் செய்தவற்றில் பாதி தவறு. அதை ஒளிக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று, 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று சொல்லியிருந்தால் ஒரு லட்சமாவது மிஞ்சியிருக்கும்.

முதலில் சரியாகச் செய்த ஒன்று. மூத்தார் மகன் வந்து தன் போனில் பத்துப் பதினைந்து படம் எடுத்தான். வாட்ஸ்அப்பில் அவன் சித்தப்பாவுக்கு அனுப்பத்தான் எடுத்தான். அது பின்னால் எனக்குச் சாட்சியாகும் என்று இருவருக்குமே தெரியாது. ஊரே இருட்டு. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது 34-வது நாள். கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துப் போனுக்கு சார்ஜ் ஏற்றினோம். அந்த நேரத்தில் படம் எடுக்க யாருக்கு மனசு வரும் என்று கேட்கலாம். எனக்கும் வரவில்லை. ஆனாலும் எடுத்துவிடுங்கள். நான்கு மூலையிலிருந்தும் முழுக் கூரை தெரிகிற மாதிரி ஒன்று, மரம் விழுந்த இடம் ஒன்று, முறிந்த ஒவ்வொரு கைமரமும் ஒன்று, கீழே விழுந்து நொறுங்கிய ஓட்டுக் குவியல் ஒன்று. கூரை வழியாக நனைந்து கெட்டுப்போன பீரோ, கட்டில், நெல் மூட்டை எல்லாவற்றையும் தனித்தனியாக எடுங்கள். எடுத்த படத்தை அன்றே வெளியூரில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். நாள், நேரம் அதிலேயே பதிந்துவிடும், போன் கெட்டாலும் படம் போகாது.

இப்போது தவறுகளுக்கு வருகிறேன். ஐந்தாம் நாள், வெளி மாவட்டத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் டிராக்டரோடு தெருவில் வந்தார்கள். உள்ளூர் ஆசாரிகள் எல்லாரும் அவரவர் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கூலிக்கு ஆள் கிடைக்காமல் தவித்த எனக்கு அவர்கள் சாமி மாதிரி தெரிந்தார்கள். மரத்தை அறுத்து, கூரையைப் பிரித்து, பத்து நாளில் மாற்றித் தருவதாகச் சொல்லி 30,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். துண்டுச் சீட்டில்கூட எழுதி வாங்கவில்லை நான். மூன்று நாள் வேலை பார்த்தார்கள். மிச்சம் மீதி இருந்த ஓட்டைப் பிரித்தார்கள், உடைந்ததோடு நல்லதையும் சேர்த்து டிராக்டரில் அள்ளிக்கொண்டு போனார்கள். குப்பை அகற்றுகிறார்கள் என்று நானே டீ போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாள் வரவில்லை. அதன் பிறகு அந்த எண் அணைத்தே கிடந்தது. பழைய மங்களூர் ஓடு அப்போது சாதாரண நாளில் 12 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்த மாதம் 25 சொன்னார்கள். என் வீட்டு நல்ல ஓடு எங்கே போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். பணம் போனது ஒரு பக்கம். அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே புயல் ஓய்ந்த முதல் இரண்டு வாரம் கூரை மாற்றுகிற அவசரம் வேண்டாம். தார்ப்பாய் போடுங்கள், அது போதும். அதையும் சரியாகப் போடுங்கள். முகட்டைத் தாண்டி மறுபக்கம் இரண்டு முழமாவது இறங்க வேண்டும். ஓரத்தை ஒரு சட்டத்தில் சுற்றி அந்தச் சட்டத்தைக் கட்ட வேண்டும். வெறும் கண்ணியில் கயிறு கட்டினால் அடுத்த காற்றில் கிழிந்துவிடும். எனக்கு இரண்டு தார்ப்பாய் அப்படித்தான் போனது. தார்ப்பாய், கயிறு, அதைக் கட்டிய கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். சேதம் மேலும் பெருகாமல் தடுக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு என்று காப்பீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். நனையவிட்டுச் சுவர் ஊறினால் அதை உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். வேலைக்கு முன்பணம் என்றால் சாமான் இறங்கிய பிறகு, வேலை நடக்க நடக்கக் கொடுங்கள்.

இத்தனை நாளும் எங்கள் வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. டிசம்பர் 10-ஆம் தேதி நகைக்கடன் வாங்க வங்கிக்குப் போனேன். என் தாலிச் சங்கிலியும் அத்தையின் வளையலும். வரிசையில் காத்திருக்கும்போது வீட்டுக்கடன் பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு முறை ஒரே மாதிரி ஒரு சின்னத் தொகை கழிந்திருந்தது. வட்டிக் கணக்காக இருக்கும் என்று அதுவரை விட்டிருந்தேன். கவுண்டரில் கேட்டபோது, 'அது உங்க வீட்டு இன்சூரன்ஸ்மா' என்றார் அந்தப் பெண். நெருப்பு, புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, கடன் கொடுக்கும்போதே வங்கி எடுத்து வைத்த பாலிசி. அசல் பாலிசி அவர்கள் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருடம் நம் காசு கட்டியிருக்கிறோம், ஒரு நகல் நம் கையில் இல்லை. வீட்டுக்கடன் இருக்கிற எல்லாரும் நாளைக்கே போய்ப் பாலிசி நகல் கேளுங்கள். கடன் கட்டி முடித்தவர்கள் வேறு ஒன்றைப் பாருங்கள்: கடனோடு அந்தக் காப்பீடும் நின்றுபோயிருக்கலாம்.

பாலிசியில், சேதம் நடந்ததும் உடனே தெரிவிக்க வேண்டும், 15 நாளுக்குள் எழுத்தில் விவரம் தர வேண்டும் என்று இருந்தது. நான் போனது 24-வது நாள். வங்கியிலேயே ஒருவர், 'இனி கிடைக்காதும்மா' என்று சொல்லிவிட்டார். அப்படியே திரும்பி வந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த விதியிலேயே, நிறுவனம் எழுத்தில் சம்மதித்தால் கூடுதல் காலம் உண்டு என்றும் இருந்தது. தாமதம் ஒன்றை மட்டும் காரணம் காட்டி நியாயமான கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மின்சாரம் இல்லை, போன் இல்லை, சாலையில் மரம் கிடந்தது, பாலிசி வங்கியில் இருந்தது என்று உள்ளதை உள்ளபடி ஒரு பக்கம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சான்றையும் வைத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். போனில் எத்தனை தடவை சொன்னாலும் அது சொன்னதாகாது. மின்னஞ்சல், இல்லாவிட்டால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். கோரிக்கை எண் ஒன்று தருவார்கள், அதை ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் எழுதுங்கள்.

டிசம்பர் 15-ஆம் தேதி சர்வேயர் வந்தார். நில அளவை சர்வேயர் இல்லை, சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்றவர். அவருக்கு நிறுவனம்தான் சம்பளம் கொடுக்கும், நாம் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. நல்ல மனிதர்தான், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பொறுமையாகப் பார்த்தார். 'உடைஞ்ச ஓடு எங்கம்மா?' என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டிராக்டர் கதையைச் சொன்னேன். நான் 700 ஓடு என்றேன். கொல்லையில் மிச்சம் கிடந்ததையும் படத்தில் தெரிந்ததையும் வைத்து அவர் 400 எழுதினார். 300 ஓடு, ஒன்று 30 ரூபாய் என்று புது ஓட்டு விலையில் 9,000 ரூபாய் அந்த இடத்திலேயே போனது. உடைந்த ஓடு, முறிந்த கைமரம், வளைந்த தகரம் எதையும் சர்வேயர் பார்த்து எண்ணுகிற வரை வீட்டு எல்லையைத் தாண்ட விடாதீர்கள். மூலையில் குவித்து மேலே ஒரு கீற்றைப் போட்டு வையுங்கள்.

நான் கொடுத்த மதிப்பீடு 2,38,000 ரூபாய், ஆசாரி எழுதிக் கொடுத்தது. வாசலில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகைக்கு 14,000 சேர்த்திருந்தோம். கீற்று, மூங்கில், தார்ப்பாய்க் கூரையெல்லாம் கச்சாக் கட்டுமானம் என்ற கணக்கில் வரும், அது இந்தப் பாலிசியில் சேராது என்று எடுத்துவிட்டார். தென்னையை அறுத்து அகற்றிய 9,000 ரூபாயும் போனது. இடிபாடு அகற்றும் செலவுக்கு கோரிக்கைத் தொகையில் ஒரு சதவீதம்தான் அந்தப் பாலிசியில் இருந்தது. அப்புறம் தேய்மானம். பனங்கை பழையது, ஓடு பழையது; புதிதாக வாங்குகிற விலையை அப்படியே தர மாட்டார்கள். அதில் 50,000 கழிந்தது. மிச்ச மரத்தை விற்றால் வரும் என்று ஒரு 6,000. கடைசியில் ஒன்றரை லட்சம் நின்றது. சரி, அதுவாவது வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் கடிதம் வந்தது. 75,000 ரூபாயும் இடிபாட்டுக்குச் சில நூறும். முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட ஒரு படிவம். எனக்குக் கை நடுங்கியது. பாதியாகக் குறைந்தது ஏன் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடச் சொன்னார்கள், கணவரும் போனில் அதைத்தான் சொன்னார். நான் போடவில்லை. சர்வே அறிக்கையின் நகல் வேண்டும் என்று எழுதினேன். கேட்டால் தர வேண்டும், தந்தார்கள்.

அந்த அறிக்கை வந்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மகளின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் எண்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். பாதியான காரணம் இதுதான்: வங்கி எங்கள் வீட்டைக் கடன் தொகைக்கு, அதாவது ஆறு லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்திருந்தது. வீட்டின் மதிப்பு பன்னிரண்டு லட்சம் என்று அறிக்கை சொன்னது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, ஆகவே எந்தச் சேதத்திலும் பாதிதான் தருவோம். இதைச் சராசரி விதி என்கிறார்கள். வீடு முழுக்க இடிய வேண்டும் என்றில்லை. ஒரு கூரை போனாலும் இதே விகிதத்தில்தான் வெட்டுவார்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தராத விஷயம். பிரீமியம் குறையும் என்று மதிப்பைக் குறைத்துப் போடுகிறவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

விதி விதிதான், அதோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் பன்னிரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கடன் வாங்கும்போது வங்கிப் பொறியாளர் போட்ட மதிப்பீட்டிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் இரண்டு வரி: மனை மூன்று லட்சம், கட்டடம் ஒன்பது லட்சம். மனையைப் புயல் தூக்கிக்கொண்டு போகாது, காப்பீடு கட்டடத்துக்குத்தான். அப்படியானால் ஒன்பதில் ஆறு, மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும். நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த அத்தையை எழுப்பிச் சொன்னேன். அவருக்குக் கணக்குப் புரியவில்லை, ஆனாலும் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். புலம்பல் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் இந்த எண், அதில் மனை மதிப்பு சேர்ந்திருக்கிறது, இதோ நகல், திருத்தித் தாருங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பிரதி. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நானும் போகத் தயாராகக் காகிதம் எல்லாம் கட்டி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. மார்ச்சில் திருத்திய கடிதம் வந்தது. ஒரு லட்சம், இடிபாட்டுக்கு ஆயிரம். 25,000 ரூபாய்க்கு மேல், ஒரு தாளை ஒழுங்காகப் படித்ததற்கு.

அதோடு முடியவில்லை. ஏப்ரலில் பணம் வந்தது, என் கணக்கில் இல்லை. அடமான வீடு என்பதால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும், பணம் நேராகக் கடன் கணக்கில் போய்விட்டது. நகையை வைத்துக் கூரை போட்டவள் நான், அதற்கு மாத வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நடை நடந்தேன். வேலை முடிந்த கூரையின் படம், ரசீதுகள், ஒரு விண்ணப்பம் எல்லாம் கொடுத்த பிறகு மே மாதம் மேலாளர் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார். கூரை வேலை தொடங்கும் முன்பே வங்கியில் ஒரு கடிதம் கொடுத்து, பழுதுபார்க்கத்தான் இந்தப் பணம் என்று எழுதி வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது.

கூரை வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது, எங்கள் ஊர் ஆசாரியை வைத்து. தெருவில் நிறையப் பேர் ஓட்டை விட்டுவிட்டுக் கலர் ஷீட்டுக்கு மாறினார்கள். எனக்கு வெயில் காலத்தை நினைத்தால் மனம் வரவில்லை, அத்தை பகலெல்லாம் கூடத்தில்தான் இருப்பார். ஓடே போட்டோம். நீங்கள் மாற்றிப் போடுவதாக இருந்தாலும், முதலில் பழையபடி ஓடு போட என்ன ஆகும் என்று ஒரு மதிப்பீடு வாங்கிக் கொடுங்கள். இருந்ததை இருந்தபடி ஆக்கத்தான் காப்பீடு, மேம்படுத்திய செலவு நம்முடையது. மங்களூர் ஓட்டின் அடியில் ஒரு காது இருக்கும், அதில் துளை இருக்கும். எதற்கென்று அதுவரை யோசித்ததே இல்லை. அதில் கம்பி கோத்து, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டத்தோடு கட்டுவதற்குத்தான். காற்று முதலில் புகுவது தாழ்வார விளிம்பில். அன்றிரவு என் கண் முன்னால் நடந்ததும் அதுதான். விளிம்பிலிருந்து மூன்று வரிசையும், முகட்டுக்கு இரு பக்கமும் இரண்டு வரிசையும் கம்பி கட்டச் சொன்னேன். ஆசாரி, 'நாள் கூலி ஒண்ணு கூடும்மா' என்றார். கூடட்டும் என்றேன்.

மொத்தச் செலவு 2,64,000. ஏமாந்த 30,000 தனி. நகையை மீட்டது அடுத்த வருடம். கடன் முடிந்ததும் வீட்டுக்கு நானே தனியாகக் காப்பீடு எடுத்தேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரிப் பாலிசி தர வேண்டும் என்று ஆகிவிட்டது. வீட்டின் உள்பரப்பை உண்மையாகச் சொன்னால் போதும், என்னைப் பாதியாக வெட்டிய அந்தச் சராசரி விதி இதில் கிடையாது. வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், பத்து லட்சம் வரை, தானாகச் சேரும். நானும் மகளும் டேப் பிடித்து ஒவ்வொரு அறையாக அளந்து எழுதினோம். பாலிசி நகல் ஒன்று பீரோவில், ஒன்று என் போனில், ஒன்று சிங்கப்பூரில்.

ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்ததும் மகள் மொட்டை மாடிக்குப் போய்க் கூரையை நான்கு பக்கமும் படம் எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பிவிடுவாள். போன தடவை எடுத்ததில் தாழ்வாரத்து விளிம்பில் ஒரு கம்பி துருப்பிடித்து விட்டிருந்தது தெரிந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றிவிட்டோம்.